குளமும் காடும் காணியும்: வன்னியில் காலநிலை மாற்றம் ஏன் காணிப் பிரச்சினையாகிறது

ஒரே வாரத்துப் பத்திரிகைகளில் மூன்று செய்திகள் வருவதுண்டு. ஒன்றில், வயலுக்குள் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்டுவிட்டது என்று ஒரு ஊர்ச்சனம் பிரதேச செயலகத்துக்கு முன்னால் நிற்கும். இன்னொன்றில், 2030க்குள் நாட்டின் காட்டுப் பரப்பை 32 வீதமாக உயர்த்துவோம் என்று அரசு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கும். மூன்றாவது, குளம் நிரம்பி வான் பாய்ந்து, குடலைப் பருவத்தில் நின்ற நெல் தண்ணீருக்குள் போன கதை.

தனித்தனியாக வாசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். காடு கூடுவது நல்லது என்றால் சனம் ஏன் எதிர்க்கிறது? எதிர்க்கிறவர்கள் சூழலைப் பற்றிக் கவலைப்படாதவர்களா? காடு இருந்தும் வெள்ளம் ஏன் வருகிறது? இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியில் இந்த மூன்று செய்திகளும் ஒரே குளத்தின் மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் நடப்பவை. அந்தக் குளத்திலிருந்தே தொடங்கினால் விளங்கும். அதற்கு முன் கொஞ்சம் மழை.

மழையில் என்ன மாறுகிறது

ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதியை இலங்கையில் உலர் வலயம் என்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் அதற்குள் வருகின்றன. உலர் வலயம் என்றதும் பாலைவனத்தை நினைக்க வேண்டாம். மழை இங்கே போதிய அளவு விழுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். அப்புறம் சோளகம் அடித்து நிலத்தை உலர்த்தும் நீண்ட மாதங்கள். நான்கு மாத மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட வேண்டும் என்பதுதான் வன்னியின் அடிப்படைக் கணக்கு. மாரி நெல்லான காலபோகம் மழையோடு போகும். கோடை நெல்லான சிறுபோகம் குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பொறுத்தது.

இனிப் புவி வெப்பமாதல். காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால், 2011–2020 காலத்தில் உலகம் சராசரியாக 1.1 பாகை சூடாகியிருந்தது. 2024 ஆம் ஆண்டுச் சராசரி 1.5 பாகையையும் தாண்டியது. இதனால் இரண்டு விளைவுகள்:

1. மேகம் கூடுதலான ஈரத்தைச் சுமக்கிறது. கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. ஆண்டு முழுவதற்குமான மழை அதிகம் மாறாவிட்டாலும், ஒரு நாளில் விழும் மழை கூடலாம்.

2. மழை இல்லாத மாதங்களில் நிலமும் குளமும் முன்பைவிட வேகமாக வற்றும். வன்னிக் குளங்கள் பரந்தவை, ஆழம் குறைந்தவை. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்தால் மூன்று மாதத்தில் ஒன்றரை அடி தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் மேலே போய்விடும். சின்னக் குளம் ஒன்றில் ஒன்றரை அடி என்பது ஒரு சிறுபோகம்.

ஆக, வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். ஒரு குறிப்பிட்ட வெள்ளத்தைக் காட்டி "இதற்குக் காலநிலை மாற்றம்தான் காரணம்" என்று அடித்துச் சொல்வது சரியான முறையல்ல. அப்படிப்பட்ட வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பதே சரியான பேச்சு. 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறி, வன்னியைக் கடந்து மன்னார்ப் பக்கமாகப் போனது. 2025 நவம்பர் 28 கரை தொட்ட டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகம் சரிந்தது, இங்கே அருவியாறு கரை மீறி மன்னாருக்குள் புகுந்தது. ஏழு ஆண்டுக்குள் மூன்று.

குளம் எதுவரை?

குளம் என்றால் கட்டுக்குள் நிற்கும் தண்ணீர் என்றுதான் வரைபடம் காட்டும். நீல நிறம் முடிந்த இடத்தில் குளம் முடிந்துவிடும். கமக்காரருக்கு அப்படி இல்லை.

மேலிருந்து கீழாகப் பார்ப்போம். மழை முதலில் விழுவது நீரேந்து பகுதியில். குளத்துக்கு மேலே உள்ள காடும் மேட்டுநிலமும்தான் அது. பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் அந்தக் காட்டில் மழை இலையில் பட்டு, சருகில் இறங்கி, மெல்ல நிலத்துக்குள் போகிறது. மிஞ்சியது ஓடையாக வருகிறது. அடுத்து அலைகரை. குளம் நிரம்பினால் நீருக்குள் போய், வற்றினால் மாடு மேயும் விளிம்பு அது. அங்கே நிற்கும் மரமும் புல்லும் வண்டலை வடிகட்டுகின்றன. பிறகு தண்ணீர் நிற்கும் பரப்பு, கட்டு, வயலுக்கு நீர் திறக்கும் துருசு, மிஞ்சிய நீர் வெளியேறும் வான். அதற்குக் கீழே வாய்க்கால், வயல், வயலில் கசிந்த நீர் போகும் கழிவாறு.

அந்தக் கழிவாறு போய் விழுவது அடுத்த குளத்தில். இதுதான் தொடர்குளம். ஒரு சின்ன ஆற்றுப் பள்ளத்தில் சங்கிலிபோல் கோத்த குளங்கள், மேல் குளத்தின் எச்சம் கீழ்க் குளத்தின் வரவு. மத்தும பண்டார என்ற புவியியலாளர் 1985 இல் இந்த அமைப்புக்கு ஆய்வுலகில் ஒரு வரையறை தந்தார். பிற்பாடு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் உலர் வலயத்தின் தொடர்குளக் கிராம முறையை உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இந்த அமைப்பு வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒருசேர மருந்தாக இருப்பதை ஒரு சின்னக் கணக்கால் காட்டலாம். ஒரு ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 4 லட்சம் லீற்றர். நீரேந்து பகுதி 1,000 ஏக்கர் என்றால் 40 கோடி லீற்றர். அதில் ஒரு பகுதியைக் காட்டுமண் குடித்து, ஒரு பகுதியை மேலேயுள்ள சின்னக் குளங்கள் பிடித்து வைத்தால், பெரிய குளத்துக்கு வருவது தாமதமாகவும் கொஞ்சம் கொஞ்சமாகவும் வரும். காடு வெட்டுண்டு, மேல் குளங்கள் உடைந்து கிடந்தால் அத்தனையும் ஒரே இரவில் வந்து கட்டை இடிக்கும். கூடவே மண்ணையும் கொண்டுவரும். வண்டல் நிரம்பிய குளம் மாரியில் சீக்கிரம் வான் பாயும், கோடையில் சீக்கிரம் வற்றும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே காடு இருந்தால் போதாது, மேலே உள்ள சின்னக் குளங்களும் வேலை செய்ய வேண்டும். சின்னக் குளம் தானாக வேலை செய்யாது. கட்டில் முளைக்கும் மரத்தைப் பிடுங்க வேண்டும், எலிப்பொந்து அடைக்க வேண்டும், துருசைப் பார்க்க வேண்டும், வானில் சேரும் குப்பையை எடுக்க வேண்டும். மாரிக்கு முன் ஊர் கூடிச் செய்யும் வேலை இது. ஊர் இல்லாவிட்டால் குளமும் இல்லை.

ஆள் இல்லாத ஊரில் வளர்ந்த காடு

போர்க்காலத்து வன்னியில் அந்த ஊர்தான் இல்லாமல் போனது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் 1984 இல் ஊரை விட்டு எழுந்தது. மன்னார் முசலிப் பக்கத்து முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வவுனியா வடக்கில் பல சிற்றூர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் காலியாகின. 2008–2009 இல் மிச்ச வன்னி முழுவதுமே எழுந்து நடந்தது.

கைவிட்ட வயலில் இரண்டு மாரிக்குள் பற்றை வரும். பத்து ஆண்டில் வீட்டுக் கூரை உயரத்துக்கு மரம் நிற்கும். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு செய்மதிப் படத்தில் அது பச்சைதான். பச்சையைப் பார்க்கிறவருக்கு அங்கே ஒரு வரம்பு இருந்ததும், கிணறு இருந்ததும், உடைந்த குளக்கட்டு ஒன்று பற்றைக்குள் கிடப்பதும் தெரியாது. படத்தைப் படிக்கும் அதிகாரி பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் பார்ப்பது ஒரு நாளின் படம். ஊரவர் நினைவில் வைத்திருப்பது மூன்று தலைமுறையின் படம்.

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. திரும்பி வந்தவரின் கையில் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் இருக்கலாம், பழைய காணி உறுதி இருக்கலாம், அல்லது இரண்டும் பங்கருக்குள் புதைந்து போயிருக்கலாம். திணைக்களத்தின் கையில் இருப்பது அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானி. இரண்டும் மோதினால் முதலில் வெல்வது வர்த்தமானிதான், ஏனென்றால் மீறியவரைப் பிடித்து வழக்குப் போட அதை வைத்திருப்பவருக்கு அதிகாரம் உண்டு.

காடு என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

செய்திகளில் "காடு" என்று ஒரே சொல்லில் வருவது, சட்டத்தில் பல தரம். எந்தத் தரம் என்பதைப் பொறுத்துத்தான் ஒருவர் உள்ளே போகலாமா, மாடு மேய்க்கலாமா, குளம் திருத்தலாமா என்பது தீரும்.

1. வனவளத் திணைக்களத்தின் காடுகள். அடிப்படை 1907 ஆம் ஆண்டுச் சட்டம், பலமுறை திருத்தப்பட்டது. இதன் கீழ் ஒதுக்கக் காடு, பேணற் காடு என்ற தரங்கள் உண்டு. அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்ததும் எல்லை உயிர் பெறும். அதற்குள் வெளியாக்குவதும் பயிர் செய்வதும் குற்றம்.

2. வனஜீவராசிகள் திணைக்களத்தின் இடங்கள். 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டம். தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கம், சரணாலயம் என்பன இதன் கீழ் வரும். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், வாழலாம். தேசிய பூங்காவுக்குள் அப்படி முடியாது. 1938 இலிருந்து பறவைச் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளமும், 1968 இலிருந்து சரணாலயமாக இருந்த மடு வீதிப் பகுதியும் 2015 ஜூனில் தேசிய பூங்காக்களாக உயர்த்தப்பட்டபோது மாறியது பெயர்ப்பலகை மட்டுமல்ல என்பதற்கு இதுதான் காரணம்.

3. ஒரு மைல் வளையம். தேசிய பூங்கா போன்ற ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வரைபடத்தில் இந்த வளையத்தைப் போட்டுப் பார்த்தால்தான் ஒரு அறிவிப்பு உண்மையில் எத்தனை ஊரைத் தொடுகிறது என்பது தெரியும்.

4. எதிலும் சேராத அரச காடு. எச்சக் காடு என்றும் சொல்வார்கள். 2001 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சுற்றறிக்கை இவற்றை வனவளத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது. 2020 நவம்பரில் வந்த புதிய சுற்றறிக்கை அதை நீக்கி, பிரதேச, மாவட்டச் செயலாளர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தது. தெற்கின் சூழல் அமைப்புகள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின. காடு பெரும் புள்ளிகளின் கைக்குப் போகும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. வடக்கில் பலருக்கோ தங்கள் பழைய காணிக்கு ஒரு கதவு திறக்குமா என்ற எதிர்பார்ப்பு. அதுவும் நியாயமானது. ஒரே தாளை இரண்டு வாழ்வனுபவங்கள் வாசித்தன.

முசலி இதற்கெல்லாம் கடினமான உதாரணம். மக்கள் வெளியேற்றப்பட்டு இருபது ஆண்டுக்குப் பிறகு அந்த நிலத்தில் காடு இருந்தது. 2012 இல் ஒதுக்கக் காட்டு அறிவிப்பு வந்தது. 2017 மார்ச்சில் வில்பத்து தேசிய பூங்காவுக்கு வடக்கே ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் மாவில்லு பேணற் காடாக அறிவிக்கப்பட்டது. இடையில் மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெளியாக்கப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காடழிப்பு சட்டவிரோதம் என்றது. அதற்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் தம் செலவில் மரம் நட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சட்டத்தின் கண்ணில் தீர்ப்பு தெளிவானது. ஆனால் விரட்டப்பட்டவர் திரும்பிவர எடுத்த காலம் அவருக்கே எதிரான சான்றாக மாறியது என்ற உண்மையை எந்தத் தீர்ப்பும் தீர்க்கவில்லை. அரசியல் தலைமை முன்கூட்டியே ஊர்களின் பழைய எல்லையைக் குறித்து, அதை விட்டுவிட்டுக் காட்டை அறிவித்திருந்தால் காடும் தப்பியிருக்கும், சனமும் தப்பியிருக்கும்.

பிற்பாடு 1985 ஆம் ஆண்டு வரைபடத்தை அடிப்படையாக வைத்து வடக்கின் காட்டு எல்லையைத் தீர்மானிக்கலாம் என்று ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது பேசப்பட்டது. திசை சரியானது. ஆனால் 1984 இல் காலியான ஊருக்கு 1985 வரைபடம் ஒரு வருடம் பிந்தியது.

காட்டோடு சம்பந்தமில்லாத வர்த்தமானியும் இதே பயத்தைக் கிளறும். 2025 மார்ச் 28 அன்று காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கருக்கு அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி. வெளிநாட்டில் இருப்பவரும் ஆவணம் தொலைத்தவரும் என்ன செய்வார்கள்? எதிர்ப்பு எழுந்தது, ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் பின்வாங்கியது.

32 வீதம் எங்கிருந்து வரும்?

பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தான் என்ன செய்யும் என்று ஒரு வாக்குறுதிப் பட்டியல் கொடுக்க வேண்டும். இலங்கை 2021 இல் புதுப்பித்துக் கொடுத்த பட்டியலில் மூன்று இலக்குகள் கண்ணில் படுபவை: 2030க்குள் பசுமையில்ல வாயுக்களை, எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால் இருக்கும் அளவைவிட 14.5 வீதம் குறைப்பது, மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து எடுப்பது, காட்டுப் பரப்பை 32 வீதமாக்குவது.

2010 கணக்கெடுப்பில் நாட்டின் காடு 29.7 வீதம். மிச்சத்தை எங்கே தேடுவது? மேல் மாகாணத்தில் கிடைக்காது. மலையகத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு யாரும் காடு வைக்கப் போவதில்லை. கண் தானாக வன்னிக்கும் கிழக்குக்கும்தான் வரும். இங்கே நிலம் பரந்தது, ஆள் குறைவு, ஏற்கெனவே பச்சை நிற்கிறது. புதிதாக ஒரு மரம் நடாமலே, நிற்கும் பற்றைக்காட்டை வர்த்தமானியில் ஏற்றினால் பாதுகாத்த காட்டின் கணக்கு கூடிவிடும்.

இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் காபனீரொட்சைட்டு சுமார் ஒரு தொன். உலகச் சராசரி அதைவிடப் பலமடங்கு. வன்னிக் கமக்காரரின் பங்கு நாட்டுச் சராசரியைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். சூட்டுக்குக் காரணமாகாதவர் சூட்டின் அடியையும் வாங்கி, அதற்கான பரிகாரத்துக்கும் தன் காணியைக் கொடுக்கிறார். சூழலைக் காப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கணக்கின் சுமையை யார் தலையில் வைக்கிறார்கள் என்பதே கேள்வி.

காடு உண்மையிலேயே அழிகிறது

இதுவரை சொன்னதை வைத்து "காட்டுச் சட்டம் எல்லாம் சதி" என்று முடிவு கட்டினால் அது நமக்கு நாமே வைக்கும் ஆப்பு. வன்னிக் காடு கண்முன்னே குறைகிறது. முதிரையும் பாலையும் இரவில் ஏற்றப்படுகின்றன. ஆற்றுப் படுகைகளில் அனுமதிப்பத்திரம் ஒன்றுக்கு, அள்ளும் மணல் பலமடங்கு. ஆற்று மணல் போனால் கரை சரியும், பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டம் இறங்கும். அலைகரையைப் பிடித்து வயலாக்கியவர்களில் நம்மூர்க்காரரும் உண்டு, செல்வாக்குள்ளவர்களும் உண்டு. அலைகரை போன குளத்தில் வண்டல் நேரே இறங்கும். இதில் எந்த இனத்துக் கை என்று பார்த்து வண்டல் இறங்குவதில்லை.

அரசே காட்டை அழிக்கும் இடங்களும் உண்டு. மணலாறு 1988 இல் வெலிஓயா என்று பெயர் மாறியதிலிருந்து, அந்தப் பக்கத்தில் நீர்ப்பாசனமும் குடியேற்றமும் ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன. இப்போது பேசப்படும் கிவுல் ஓயா நீர்த்தேக்கத் திட்டத்துக்குத் தமிழ்த் தரப்பு காட்டும் எதிர்ப்பை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அவர்கள் சொல்வது இரண்டு: பழைய சின்னக் குளங்களும் வயல்களும் நீருக்குள் போகும், குடிப்பரம்பல் மாறும். இதில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். திரும்பி வந்தவர் தன் பழைய வயலில் பற்றை வெட்டினால் குற்றமாகும் ஒரு நிலத்தில், நீர்த்தேக்கத்துக்காகப் பெரும் காடு மூழ்குவது அபிவிருத்தி ஆகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் திட்டத்துக்குச் சூழல் அனுமதி நடைமுறை உண்டு. அது எல்லோருக்கும் பொது.

மன்னார்க் காற்று

காபனைக் குறைக்கும் திட்டமும் உள்ளூரில் சண்டையாகும் என்பதற்கு மன்னார் சாட்சி. 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள், 103.5 மெகாவோற். நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் மன்னார்த் தீவு தட்டையான, கடல்மட்டத்தோடு ஒட்டிய மணல் நிலம். சுழலிகளுக்காகப் போட்ட பாதைகளும் மேடுகளும் மழைநீர் கடலுக்குப் போவதை மறிக்கின்றன என்பது தீவு மக்களின் முறைப்பாடு. வட ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழியும் இதுதான், பக்கத்து வங்காலை ஈரநிலம் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது.

மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவோற்றுக்குத் திட்டம் போட்ட அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. காரணம் பறவை அல்ல, விலை பற்றிய இழுபறி. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் திரண்டது. ஜனாதிபதி ஒரு மாதம் வேலைகளை நிறுத்திவைத்தார், பிறகு ஏற்கெனவே அனுமதி பெற்றவை தொடரும் என்று அரசு சொன்னது. இங்கே சனம் கேட்டது சுழலியைத் தீவுக்கு வெளியே கொண்டுபோ என்பதுதான். காற்றாலையே வேண்டாம் என்று சொன்னதாக அதைச் சுருக்கிச் செய்தி போடுவது நேர்மையில்லை.

யாரிடம் கேட்பது?

2018 வெள்ளத்தில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்த நேரம் பெரிய விவாதமானது. புனரமைத்து நீர்மட்டத்தை 36 அடிக்கு உயர்த்திய குளம். நிரப்பி வைத்தால் சிறுபோகத்துக்குப் பலன், முன்கூட்டி இறக்கி வைத்தால் வெள்ளத்துக்கு இடம். மழை முன்னறிவிப்பு பிழைத்து, இறக்கிய தண்ணீர் திரும்ப வராவிட்டால் கமக்காரர் யாரைக் கேட்பார்? இந்தத் தெரிவை எடுக்கும் பொறியியலாளரின் இடத்தில் நின்று பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்று விளங்கும். ஆளுநர் விசாரணைக் குழு அமைத்தார். ஆனால் திறப்புக்கு ஒரு பகிரங்கமான ஒழுங்கு, எந்த மாதத்தில் எந்த மட்டம் என்று கமக்கார அமைப்புகளோடு பேசி எழுதிய அட்டவணை, இருந்தால்தான் அடுத்த வெள்ளத்தில் பழி போடுவதற்குப் பதிலாக அதைப் பார்த்துப் பேசலாம்.

இப்படி ஒரு ஒழுங்கைக் கேட்க வேண்டிய இடம் மாகாண சபை. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. காணி அதிகாரத்தைப் பற்றி 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் மத்திக்கே சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் பேசும் தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை.

அதனால் ஒரு குளம் நாலு அலுவலகத்துக்குப் பங்காகிறது. 200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சும் சின்னக் குளம் கமநலத் திணைக்களத்துக்கு. அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. நீரேந்து பகுதி வனவளத்துக்கோ வனஜீவராசிகளுக்கோ. அனுமதிப்பத்திரக் காணி பிரதேச செயலகத்துக்கு. மேலிருந்து கீழே ஓடும் தண்ணீர் ஒவ்வொரு அலுவலக எல்லையிலும் அந்நியமாகிறது. பற்றைக்குள் கிடக்கும் உடைந்த மேல் குளத்தைத் திருத்த கமநலத்திடம் பணம் இருக்கலாம். ஆனால் அது ஒதுக்கக் காட்டுக்குள் இருந்தால் உழவு இயந்திரம் உள்ளே போக முடியாது. அந்தக் குளம் உடைந்தே இருப்பதால் கீழ்க் குளத்துக்கு வெள்ளம் வேகமாக வருகிறது. காட்டைக் காக்கும் சட்டம், காடு காக்க வேண்டிய தண்ணீரைக் காக்க விடாமல் நிற்கும் இடம் இதுதான். என் பார்வையில் வன்னியின் காலநிலை அரசியல் முழுவதும் இந்த முடிச்சில் இருக்கிறது.

வர்த்தமானிச் செய்தி வந்தால் எதைப் பார்ப்பது?

1. எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தரம்? சரணாலயமா, தேசிய பூங்காவா, ஒதுக்கக் காடா? தலைப்பில் "காடு" என்று மட்டும் இருந்தால் செய்தி பாதிதான்.

2. எல்லைக்குள் எத்தனை பழைய குளம் இருக்கிறது? கமநல சேவை நிலையத்தின் குளப் பதிவேட்டையும் பழைய நில அளவை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குளம் இருந்த இடத்தில் ஊர் இருந்தது.

3. குளத்தின் மேற்பக்கமா, கீழ்ப்பக்கமா? நீரேந்து பகுதியில் நிற்கும் முதிர்ந்த காடு என்றால் அதைக் காப்பது கீழே உள்ள வயல்காரருக்கே லாபம், எதிர்க்கத் தேவையில்லை. குளத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓடும் தாழ்நிலத்தில் "காடு" குறிக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் கைவிட்ட வயல்.

4. ஆட்சேபனைக்கு எத்தனை நாள்? சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு.

5. வரைபடம் கிடைக்கவில்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாள்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. கமக்கார அமைப்பின் பெயரில், தமிழிலேயே எழுதலாம். வரைபடத்தோடு எல்லைக்கற்களின் ஆள்கூறுகளையும் சேர்த்துக் கேட்க மறக்க வேண்டாம்.